ஓய்வுக்குப் பின் ஒரு பழைய ஃபயர் வண்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்லடத்துக்குத் தெற்கே எங்கள் தோட்டத்துச் சாளையை (தோட்ட வீட்டை) ஒட்டி ஒரு சிவப்பு வண்டி நிற்கிறது. இந்துஸ்தான் பெட்ஃபோர்ட், 1970களின் தொடக்கத்தில் வந்தது, ஓர் ஆலையின் தீயணைப்புப் பிரிவில் வேலை பார்த்தது. நான் மில்லில் மெயின்டனன்ஸ் பார்த்து ரிட்டயர் ஆனவன். வண்டியைப் பார்க்க வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். வாங்க நினைக்கிறவர்களுக்கு உதவும். வேண்டாம் என்று முடிவெடுக்கப் போகிறவர்களுக்கு இன்னும் அதிகமாக உதவும்.

ஏனுங்க, பழைய கார் ஒண்ணு வாங்கியிருக்கலாமே, இதை எதுக்கு வாங்குனீங்க?

பம்புக்காக. வேறு காரணம் சொன்னால் பொய்யாகிவிடும். பழைய கார் வாங்கினால் துடைக்கலாம், ஓட்டலாம், ஊர்வலத்தில் நிறுத்தலாம், அதோடு சரி. ஃபயர் வண்டியில் வண்டி பாதி, பம்பு பாதி. எஞ்சின் ஓட்டத்தை பி.டி.ஓ. (எஞ்சின் சக்தியைப் பிரித்தெடுக்கும் கியர்) வழியாகப் பம்புக்குத் திருப்பி, பிரைமிங் செய்து (பம்பிலும் குழாயிலும் இருக்கிற காற்றை வெளியேற்றி), தண்ணீர் ஏறும்போது வாக்குவம் கேஜில் முள் நகர்வதைப் பார்ப்பதற்கு ஈடாக எந்தக் காரிலும் ஒன்றும் கிடையாது. கோயம்புத்தூர்க்காரனுக்கு மோட்டாரும் பம்பும் ரத்தத்தில் இருக்கிறது என்று சும்மா சொல்லவில்லை. பாதி ஊர் இதை வைத்துத்தான் சாப்பிட்டது.

கார்தான் பார்க்க வேண்டும் என்றால் அவிநாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு பெயரிலேயே கார் மியூசியம் இருக்கிறது. டிக்கெட் எடுத்துப் பார்த்துவிட்டு வந்தால் போதும், செலவு மிச்சம்.

எந்த மாதிரி வண்டிகள் நம் பக்கம் கிடைக்கும்?

இங்கிலாந்தில் கில்ட்ஃபோர்டில் செய்த டென்னிஸ், லண்டன் மெரிவெதர் போன்றவை மியூசியத்துக்கும் பெரிய சேகரிப்பாளர்களுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டன, அவற்றை மறந்துவிடுங்கள். நமக்கு எட்டுகிறவை மூன்று நான்குதான்: பெட்ஃபோர்ட், டாடா மெர்சிடிஸ் (நம்மூரில் பென்ஸ் லாரி என்று சொல்வோமே, அதே சேஸி), அசோக் லேலண்ட் காமெட், அப்புறம் பம்பாயில் பிரீமியர் கம்பெனி செய்த டாட்ஜ், ஃபார்கோ.

முதல் வண்டி என்றால் டாடா அல்லது லேலண்ட் பாருங்கள். சங்ககிரி, நாமக்கல் பக்கம் வயதான மெக்கானிக்குகள் அந்த எஞ்சினைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் பிரித்துப் போடுவார்கள், சாமான்களும் இன்னும் எங்காவது கிடைக்கின்றன. பெட்ஃபோர்ட் அழகு, ஆனால் சாமான் தேடி அலைய வேண்டும். நான் ஏன் பெட்ஃபோர்ட் வாங்கினேன் என்றால், அழகு.

வண்டியே வேண்டாம், இடமில்லை என்கிறவர்களுக்கு டிரெய்லர் பம்பு என்று ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கவென்ட்ரி கிளைமாக்ஸ் கம்பெனியின் கோடைவா பம்புகள் ஏராளமாக வந்தன. ஜீப்பின் பின்னால் மாட்டி இழுக்கிற அளவுதான். பம்பின் சுகம் அத்தனையும் இதில் கிடைக்கும், பாடி வேலை, டயர் வேலை, எஃப்.சி. (தகுதிச் சான்று) தலைவலி எதுவும் இல்லை. யாரும் இதைக் கேட்டு வருவதில்லை என்பதுதான் ஆச்சரியம்.

அரசாங்க ஏலத்தில் எடுக்கலாமா?

முன்பு எடுத்தார்கள். கழித்துவிட்ட ஃபயர் வண்டிகள் ஏலத்தில் போய்த் தண்ணி லாரியாகவே மாறிப் பல வருடம் ஓடியிருக்கின்றன. 2023 ஏப்ரல் 1 முதல் நிலைமை வேறு. மத்திய, மாநில அரசு வண்டிகளுக்கு 15 வருடம் முடிந்தால் ஆர்.சி. புதுப்பிக்க முடியாது, அங்கீகாரம் பெற்ற ஸ்கிராப் மையத்துக்குத்தான் போக வேண்டும். ஆகவே இனித் தேட வேண்டியது தனியார் வண்டிகளை. மூடிப்போன ஆலைகள், சர்க்கரை ஆலைகள், சிமென்ட் ஃபேக்டரிகள் சொந்தமாக ஃபயர் வண்டி வைத்திருந்தன. இல்லையென்றால் பல வருடம் முன்பே ஏலத்தில் எடுத்துத் தோட்டத்துக் கொட்டகையில் போட்டுவைத்தவர்களைத் தேடுங்கள். உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் வண்டி முழுசாகக் கிடைக்காது, ஆனால் எந்த வண்டி யாரிடம் இருக்கிறது என்ற தகவல் அங்கேதான் கிடைக்கும்.

பார்க்கப் போகும்போது எதைப் பார்க்கணும்?

கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள். இதுதான் முதல் பாடம். ஃபயர் வண்டி ஓடியது கொஞ்சமாகத்தான் இருக்கும், "இருபதாயிரம்கூட ஓடலைங்க, புது வண்டி மாதிரி" என்று விற்கிறவர் சொல்வார், மீட்டரும் அப்படித்தான் காட்டும். ஆனால் அந்த எஞ்சின் நின்ற இடத்திலேயே மணிக்கணக்கில் பம்பை ஓட்டியிருக்கும். மணி அடித்ததும் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, சூடேற விடாமல் முழு ஆக்சிலேட்டரில் ஓட்டியிருப்பார்கள். எஞ்சினைக் கம்ப்ரஷன் பார்த்து எடை போடுங்கள், மீட்டரை நம்பி அல்ல.

அடுத்தது தண்ணீர்த் தொட்டி. உள்ளே லைட் அடித்துப் பாருங்கள். தொட்டிக்குள் தண்ணீர் அலைபாயாமல் தடுக்கிற தகடுகள் இருக்கும், அவை துருப்பிடித்துக் கழன்றிருந்தால் வளைவில் வண்டி நம்மைத் தூக்கி அடிக்கும். தொட்டிக்கு அடியில் சேஸியும் அப்படித்தான், மேலே பெயிண்ட் பளபளக்கும், கீழே சுத்தியலால் தட்டினால் உதிரும். நம் பக்கத்து உப்பு போர்வெல் தண்ணீரில் ஓடிய வண்டியென்றால் இரண்டு மடங்கு கவனம்.

பம்பை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தண்ணீர் வசதி இல்லை என்பார்கள், பரவாயில்லை, தண்ணீரே இல்லாமல் பார்க்கிற வழி ஒன்று இருக்கிறது. சக்ஷன் வாயை (தண்ணீர் உள்ளே வரும் வாய்) மூடி போட்டு அடைத்து, டெலிவரி வால்வுகளையெல்லாம் (தண்ணீர் வெளியே போகும் வால்வுகள்) மூடி, பிரைமரை ஓட்டி வாக்குவம் ஏற்றிவிட்டு நிறுத்துங்கள். கேஜ் முள் ஒரு நிமிடம் கிட்டத்தட்ட அதே இடத்தில் நின்றால் பம்பு நல்ல பம்பு. சரசரவென்று இறங்கினால் எங்கோ காற்று இழுக்கிறது, கிளாண்டாக (தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் கயிறு அடைப்பு) இருந்தால் சின்ன வேலை, உறையில் விரிசலாக இருந்தால் பெரிய வேலை. பம்பு சுற்றவே இல்லை, இறுகிவிட்டது என்றால், வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள்.

கடைசியாக பித்தளை. மணி, கப்ளிங் (ஹோஸ் இணைப்பு), நாசில், பிராஞ்ச் பைப் (நாசில் மாட்டும் கைப்பிடிக் குழாய்) எல்லாம் பித்தளை, கன்மெட்டல். கழித்த வண்டியில் முதலில் காணாமல் போவது இவைதான். விலை பேசும்போது இருந்த கப்ளிங் வண்டி வீடு வந்து சேரும்போது இருக்காது. போட்டோ எடுத்து வையுங்கள், பட்டியல் எழுதி விற்பவரிடம் கையெழுத்து வாங்குங்கள், சங்கடப்பட வேண்டாம்.

பேப்பர் விஷயம் எப்படி? ஆர்.டி.ஓ. ஒத்துக்குவாங்களா?

இங்கேதான் பாதிப் பேர் விழுகிறார்கள், நிதானமாகப் படியுங்கள்.

2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், சேஸி, பாடி, எஞ்சின் அடிப்படையில் மாறாமல் இருக்க வேண்டும், புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பதிவு 10 வருடம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' எழுத்துகள் வரும். கண்காட்சி, ஊர்வலம், ரிப்பேர், பெட்ரோல் போடுவது இதற்கெல்லாம் ரோட்டில் வரலாம், தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விதி சொல்வது சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளை, எழுதும்போது மனதில் இருந்தது காரும் பைக்கும். பின்னால் இரட்டை டயர் போட்ட, ஓர் ஆலையின் பெயரில் இருந்த ஃபயர் வண்டி அதற்குள் தானாகப் போய் உட்காராது. காசு கொடுப்பதற்கு முன்பே ஆர்.சி. நகலை எடுத்துக்கொண்டு உங்கள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய்ப் பேசுங்கள். "வாங்குங்க, பாத்துக்கலாம்" என்று புரோக்கர் சொல்வதை எந்தக் கவுண்டரிலும் ஏற்க மாட்டார்கள்.

விண்டேஜ் இல்லையென்றால் சாதாரணப் பதிவு. ஃபயர் வண்டி டிரான்ஸ்போர்ட் வகையில் வருவது, எனவே லாரி போலவே வருடா வருடம் எஃப்.சி. காட்ட வேண்டும். லாரி வைத்திருந்த குடும்பத்துக்கு இது என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது வழிதான் பலருக்கும் சரிப்படும்: ரோட்டுக்கே கொண்டுபோகாதீர்கள். தோட்டத்துக்குள் நிற்கட்டும், உள்ளேயே ஓடட்டும், கண்காட்சி என்றால் லோபெட் டிரெய்லரில் (தாழ்வான தளம் கொண்ட டிரெய்லர்) ஏற்றிக் கொண்டுபோகலாம். நான் முன்பே சொன்ன மாதிரி சுகம் பம்பில் இருக்கிறது, பம்புக்கு ஆர்.சி. கேட்பவர் யாரும் இல்லை. ரோட்டில் இறக்குகிறீர்கள் என்றால் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இல்லாமல் ஒரு அடிகூட நகர்த்த வேண்டாம்.

கார் லைசென்ஸ் போதுமா?

மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் எல்.எம்.வி. (இலகு ரக வண்டி) லைசென்சிலேயே டிரான்ஸ்போர்ட் வண்டி ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் அரசியல் சாசன அமர்வு தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் தொட்டி நிறைந்த ஃபயர் வண்டி பெரும்பாலும் அந்தக் கணக்கைத் தாண்டும். 4,500 லிட்டர் தண்ணீர் என்றால் அதுவே நாலரை டன், வண்டியின் எடை தனி. ஆர்.சி.யில் மொத்த எடை எவ்வளவு என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஹெவி வேண்டுமென்றால் ஹெவி லைசென்ஸ் உள்ள ஒருவரை ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.

உடம்பு விஷயமும் இருக்கிறது. பவர் ஸ்டியரிங் கிடையாது, நின்ற இடத்தில் திருப்பினால் தோள்பட்டை அன்று இரவு பேசும். பல வண்டிகளில் கியர் மாற்ற கிளட்சை இரண்டு முறை மிதிக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி முழுக்க நிறைந்திருக்க வேண்டும் அல்லது முழுக்கக் காலியாக இருக்க வேண்டும், பாதித் தொட்டியோடு ஓட்டவே கூடாது. ரோட்டில் போனால் காலித் தொட்டிதான் நல்லது. பிரேக்கும் அந்தக் காலத்து பிரேக், முன்னால் போகிற ஸ்கூட்டர்காரருக்கு அது தெரியாது.

சைரன் போட்டுட்டுப் போலாமுங்களா?

கூடாது. சைரனும் சுழல் விளக்கும் அவசர வேலைக்குப் போகிற ஃபயர், ஆம்புலன்ஸ், போலீஸ் வண்டிகளுக்கு. அவசர வண்டிக்கு வழி விடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதம் என்று 2019 திருத்தத்தில் வந்திருக்கிறது, அப்படி ஒரு மரியாதையை நாம் விளையாட்டுக்கு எடுத்துக்கொள்வது அசிங்கம். ரோட்டில் போகும்போது விளக்கை உறை போட்டு மூடிவிடுங்கள், சைரனின் ஒயரைக் கழற்றிவிடுங்கள், பித்தளை மணியின் நாக்கையும் கட்டிவிடுங்கள். துறையின் சின்னம், "தமிழ்நாடு தீயணைப்பு" என்ற எழுத்து எதுவும் வண்டியில் இருக்கக் கூடாது. தோட்டத்துக்குள் மணியை எவ்வளவு வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளுங்கள், நாய்தான் புகார் சொல்லும்.

எங்க கிணத்துல இருந்து தண்ணி இழுக்குமா?

இழுக்காது. எல்லோரும் ஆசையாகக் கேட்கும் கேள்வி, பதில் சொல்லும்போது முகம் வாடிவிடுகிறது.

பம்பு தண்ணீரை "இழுப்பது" கிடையாது. குழாயில் இருக்கிற காற்றைப் பிரைமர் வெளியேற்றுகிறது, வெளியே இருக்கிற காற்றழுத்தம் தண்ணீரை மேலே தள்ளுகிறது. கடல் மட்டத்தில் கணக்குப்படி 10.3 மீட்டர் ஏறலாம், கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே அதில் அரை மீட்டர் போல் குறையும், குழாய் உராய்வு, லீக், சூடு எல்லாம் போக நடைமுறையில் 7 மீட்டர், அதாவது 23 அடிக்குள் இருந்தால் நிம்மதி. கொங்குநாட்டுக் கிணறு எது 23 அடியில் தண்ணீர் காட்டுகிறது? பாறையை வெட்டி அறுபது எழுபது அடி இறக்கிய கிணறுகள், அதுவும் காய்ந்து பக்கத்தில் ஆயிரம் அடி போர். நல்ல மழை வருடத்தில் கிணறு நிரம்பி வழியும்போது ஒரு வேளை முயற்சி செய்யலாம், மற்ற நாளில் வேண்டாம். பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம்) வாய்க்காலிலோ கீழ்பவானி வாய்க்காலிலோ சக்ஷன் பைப்பைப் போடலாமா என்றும் கேட்கிறார்கள். தண்ணீர் திருடினதாகக் கேஸ் ஆகும், அதற்கு முன்பே கடைமடைக்காரர்கள் வந்துவிடுவார்கள்.

சரி, என்ன செய்வது? தொட்டி. தோட்டத்தில் ஏற்கெனவே இருக்கிற தண்ணித் தொட்டியோ பண்ணைக்குட்டையோ போதும். அதன் ஓரமாக வண்டியை நிறுத்தி, சக்ஷன் பைப்பை ஸ்ட்ரெய்னரோடு (குப்பை தடுக்கும் சல்லடை) உள்ளே விட்டு, பீய்ச்சுவதையும் அதே தொட்டிக்குள்ளேயே விழ வையுங்கள். தண்ணீர் செலவே கிடையாது, சுற்றிச் சுற்றி வரும். இது முக்கியம், ஏனென்றால் நிமிடத்துக்கு 1,800 லிட்டர் தள்ளுகிற பம்பு 4,500 லிட்டர் தொட்டியை இரண்டரை நிமிடத்தில் காலி செய்துவிடும். இலவச மின்சாரத்தில் எடுத்த போர் தண்ணீரை வானத்தில் பீய்ச்சி விளையாடினால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் அடுத்த நோம்பிக்கு, அதாவது பண்டிகைக்கு, பேச மாட்டார், பேசாமல் இருப்பதும் நியாயம்தான். அந்த மின்சாரம் வெள்ளாமைக்குக் கொடுத்தது.

இன்னும் ஒன்று. நின்றபடி ஓடும் எஞ்சினுக்கு எதிர்க்காற்று கிடையாது, அதனால் பல ஃபயர் வண்டிகளில் பம்புத் தண்ணீரில் ஒரு பங்கைச் சுற்றவிட்டு எஞ்சினைக் குளிர்விப்பார்கள். அந்தச் சின்னக் குழாய் துருவால் அடைத்திருந்தால் கால் மணி நேரத்தில் எஞ்சின் கொதிக்கும். ஓட்டி முடித்ததும் பம்பையும் குழாய்களையும் வடித்து, உப்புத் தண்ணீர் என்றால் நல்ல தண்ணீரால் ஒருமுறை அலசிவிடுங்கள். சிறுவாணித் தண்ணீர் கிடைக்கிறவர்கள் அதைப் பம்புக்கு ஊற்ற மனசு வராது என்பதும் தெரியும். மழைத் தண்ணீர் பிடித்து வையுங்கள்.

அறுபத்தஞ்சு வயசுல அந்தக் குழாயைப் பிடிக்க முடியுமா?

முழு அழுத்தத்தில் முடியாது, முயற்சியும் வேண்டாம். 20 மில்லிமீட்டர் நாசிலில் (சதுர சென்டிமீட்டருக்கு) 7 கிலோ அழுத்தம் கொடுத்தால் அது கையைப் பின்னுக்குத் தள்ளும் விசை ஏறக்குறைய 45 கிலோ. பணியில் இருக்கும் இளவட்டங்களே இரண்டு பேராக நின்று பிடிப்பார்கள். அதே பம்பில் 12 மில்லிமீட்டர் நாசில் மாட்டி அழுத்தத்தை 2 கிலோவுக்குக் குறைத்தால் தள்ளுவிசை 5 கிலோவுக்கும் குறைவு, பேத்தியே பிடிக்கலாம். பெரிய பீய்ச்சல் பார்க்க ஆசையென்றால் வண்டி மேலேயே பொருத்திய மானிட்டர் (பெரிய பீய்ச்சுக் குழல்) இருந்தால் அதில் விடுங்கள், விசையை வண்டி தாங்கிக்கொள்ளும். அழுத்தத்தை ஏற்றுவதும் இறக்குவதும் மெதுவாக. பம்பு பக்கம் ஒருவர், நாசில் பக்கம் ஒருவர், இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்படி நிற்க வேண்டும், இதற்கு விலக்கே கிடையாது.

ரிப்பேர், ஸ்பேர் எல்லாம் எப்படி?

எந்த ஊர்க்காரரைக் காட்டிலும் நமக்கு இது சுலபம். இம்பெல்லர் (பம்புக்குள் சுழலும் சக்கரம்) தேய்ந்துவிட்டதா, கழற்றிக்கொண்டு பீளமேடு, கணபதி பக்கம் போங்கள். பேட்டர்ன் செய்து, கன்மெட்டலில் வார்த்து, லேத்தில் கடைந்து, பேலன்ஸ் பார்த்துத் தருகிற பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. "ஒண்ணே ஒண்ணா?" என்று முதலில் சலித்துக்கொள்வார்கள், என்ன வண்டி என்று சொன்னதும் டீ வாங்கிக் கொடுப்பார்கள். பாடி வேலைக்கு நாமக்கல், கரூர். பஸ் பாடி கட்டுகிற ஊரில் ஒரு ஷட்டர் பெட்டி கட்டுவது பெரிய விஷயம் இல்லை.

பழைய பிரேக் லைனிங்கிலும் கிளாண்ட் கயிற்றிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், காற்றடித்துச் சுத்தம் செய்யாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். கிளாண்டுக்கு இப்போது கிராஃபைட் கயிறு கிடைக்கிறது, பம்புக் கடையில் சைஸ் சொன்னால் வெட்டித் தருவார்கள். அந்தக் காலத்துச் சிவப்பு பெயிண்டில் ஈயம் இருக்கலாம், வாட்டர் பேப்பரில் ஈரமாகத் தேயுங்கள், மாஸ்க் போடுங்கள், பக்கத்தில் குழந்தைகளை விடாதீர்கள்.

பட்டறையைக் காட்டிலும் பெரிய உதவி ஆட்கள்தான். ஃபயர் சர்வீசில் டிரைவர் மெக்கானிக்காக இருந்து ரிட்டயர் ஆனவர் ஒருவர் உங்கள் ஊரில் கட்டாயம் இருப்பார். அவரைத் தேடிப் பிடியுங்கள். என்னிடம் வருகிற அண்ணன் ஒருவர் கேஜைப் பார்க்கவே மாட்டார், பம்பு உறையில் கை வைத்து, "காத்து வாங்குது, அந்தக் கப்ளிங்கைப் பாருங்க" என்பார். இந்த வண்டியால் எனக்குக் கிடைத்ததில் நான் பெரிதாக நினைப்பது இந்தப் பேச்சைத்தான், சாயங்காலமானால் நாலைந்து பேர் கூடிவிடுகிறார்கள்.

பெட்ரோலா டீசலா?

டீசல். பழைய பெட்ரோல் எஞ்சின் லிட்டருக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் கொடுத்தால் கும்பிடலாம். அதோடு இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ், டயாஃப்ரம், வாஷர் எல்லாவற்றையும் அது ஊறவைத்துக் கெடுக்கும், மாதக்கணக்கில் நிற்கிற வண்டியில் ஈரத்தையும் சேர்த்து இழுக்கும். பெட்ரோல்தான் அமைந்தது என்றால் ஹோஸ்களை எத்தனால் தாங்குகிறவையாக மாற்றி, நிறுத்திவைக்கும்போது டேங்கை வடித்துவிடுங்கள். ஆனால் பெட்ரோல் பெட்ஃபோர்டின் ஐடிலிங் சத்தம் இருக்கிறதே, அது வேறு.

ஹோஸ் பராமரிப்பு?

கேன்வாஸ் ஹோஸ் என்றால் நனைந்தால் காயவைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்து இற்றுப்போகும். ஸ்டேஷன்களில் உயரமான டவர் இருப்பதே இதற்குத்தான். நமக்குத் தென்னை மரம் இருக்கிறது, ஒரு கப்பி கட்டி நிழல் பக்கமாகத் தொங்கவிட்டால் முடிந்தது. அப்புறம் எலி. ஹோஸை வைக்கோலுக்கும் தட்டுப்போருக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள்.

பக்கத்துல தீப்பிடிச்சா நம்ம வண்டியை எடுத்துட்டுப் போலாமுங்களா?

முதல் வேலை 101க்கு அல்லது 112க்கு போன். இரண்டாவது வேலையும் அதுதான், வேறு யாராவது செய்திருப்பார்கள் என்று நினைக்காதீர்கள்.

சித்திரை வெயிலில் சோளத்தட்டுப் போர் பற்றினால், பொள்ளாச்சிப் பக்கம் தென்னைநார் களத்தில் தீ விழுந்தால், ஊர் முழுக்க உங்களைத்தான் பார்க்கும், "வண்டி வெச்சிருக்கீங்களே" என்பார்கள். அந்த நேரத்தில் என்ன செய்வீர்கள் என்பதை வாங்குவதற்கு முன்பே யோசித்துவையுங்கள். என் நிலைப்பாடு: எங்கள் தோட்டத்து எல்லைக்குள், வெளியில் நின்று, காய்ந்த புல் பரவாமல் நனைத்துவிடுகிற அளவுக்கு மட்டும். நார்க் களத்துத் தீ மேலே அணைந்தாலும் அடியில் நாள்கணக்கில் புகையும், கிளறிக் கிளறி அணைக்க வேண்டும், அது பயிற்சி உள்ளவர்கள் வேலை. கட்டடத்துக்குள்ளே தீ என்றால் பக்கமே போக மாட்டேன். ஐம்பது வருட வண்டி நடுவழியில் நின்று, வருகிற அசல் வண்டிக்கு வழியை மறித்துவிட்டால் அந்தப் பாவம் யார் தலையில்?

ஏப்ரல் 14 தீயணைப்போர் தினம். 1944இல் அதே நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகைன் என்ற கப்பல் வெடித்தபோது 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள், அவர்கள் நினைவாகத்தான் அந்த வாரம் முழுக்க ஸ்டேஷன்களில் நிகழ்ச்சி நடக்கிறது. முன்கூட்டியே போய் ஸ்டேஷன் ஆபீசரிடம் பேசினால் பழைய வண்டியைப் பக்கத்தில் காட்சிக்கு நிறுத்த இடம் கொடுத்தாலும் கொடுப்பார்கள். நம் வண்டிக்குப் பொருத்தமான ஊர்வலம் அதுதான் என்பது என் எண்ணம்.

கல்யாணத்துக்கு, கோயில் நோம்பிக்கு வாடகைக்குத் தருவீங்களா?

தர மாட்டேன். மாப்பிள்ளை அழைப்புக்கு, சீர் கொண்டுபோக, மஞ்சள் நீராட்டுக்குத் தண்ணீர் அடிக்க என்று கேட்காத ஆள் இல்லை. விண்டேஜ் பதிவில் வாடகை தடை. அது இல்லாமலும், வெளியே தொங்கிக்கொண்டு பத்துப் பேர் ஏறினால் யார் பொறுப்பு? அந்தக் காலத்து வீரர்கள் வண்டியின் பக்கவாட்டில் நின்றுகொண்டு போனார்கள், விழுந்து செத்தும் இருக்கிறார்கள்.

செலவு எவ்வளவு ஆகும்?

வாங்கிய விலையைக் காட்டிலும் அதிகமாக. டயர் லாரி சைஸ் என்பதால் கிடைத்துவிடும், ஆனால் ஆறும் ஒரே சமயத்தில் மாற்ற வேண்டியிருக்கும், ஏனென்றால் ஓடித் தேய்வதில்லை, நின்றே வெடிக்கிறது. பென்ஷன் பணத்தில் கை வைக்காமல், இதற்கென்று ஒரு தொகையைத் தனியாக எடுத்து வைத்து அது தீர்ந்தால் வேலையை நிறுத்திவிடுங்கள். மகனிடம் கேட்கும் நிலைமைக்குப் போகக் கூடாது. கொட்டகைக்கும் கணக்குப் போடுங்கள்: கூரை உயரம் ஏணியோடு சேர்த்து அளந்து கட்டுங்கள்.

வீட்டில் என்ன சொல்றாங்க?

"துரு வாங்கிட்டு வந்திருக்காரு" என்று சம்பந்தி வீட்டில் சொன்னார்கள் எங்கள் வீட்டம்மா. இப்போது நாலு மணிக்கு மேல் ஆட்கள் வந்தால் கேட்காமலே காபி வருகிறது. இதற்கு மேல் கேட்காதீர்கள்.

பேரன் பேத்திகளை ஏத்தலாமா?

நிற்கிற வண்டியில் தாராளமாக. மணி அவர்களுக்குத்தான். ஓடுகிற வண்டியில் கேபினுக்குள், பெல்ட் மாட்டிக்கொண்டு மட்டும். மர ஏணியில் யாரையும் ஏற்றாதீர்கள், பெரியவர்களையும்தான், பார்க்கத் திடமாக இருக்கும், உள்ளே உளுத்திருக்கும். லீவில் அமுச்சி (அம்மாவின் அம்மா) வீட்டுக்கு வந்த பிள்ளைகளுக்குச் சின்ன நாசிலில் தண்ணீர் விட்டு, தூரத்தில் நாலு தேங்காய்த் தொட்டியை வரிசையாக வைத்து அடித்து விழவைக்கச் சொல்லுங்கள், செல்போன் எங்கே கிடக்கிறது என்றே மறந்துபோவார்கள்.

எனக்கப்புறம் இந்த வண்டி என்ன ஆகும்?

வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் சொல்லி, மூன்று மாதத்துக்குள் வாரிசு படிவம் 31இல் பெயர் மாற்ற மனு கொடுக்க வேண்டும். இதை வீட்டில் ஒருவருக்காவது சொல்லிவையுங்கள், ஆர்.சி. எந்த பீரோவில் இருக்கிறது என்பதையும். யாருக்கும் ஆர்வம் இல்லை என்றால் நீங்கள் இருக்கும்போதே ஆர்வமுள்ள ஒருவருக்குக் கைமாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பித்தளை தனியாக, இரும்பு தனியாக எடைக்குப் போய்விடும்.

வால்வுகளுக்கெல்லாம் தகட்டில் பெயர் அடித்து மாட்டுங்கள், எது எந்தப் பக்கம் திருப்பினால் திறக்கும் என்பதும் சேர்த்து. பிரைமிங் செய்யும் வரிசையைத் தமிழில் எழுதிக் கேபின் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். எங்கள் வண்டியில் அதை எழுதியவள் என் பேத்தி, "முதலில் தாத்தாவைக் கூப்பிடவும்" என்று மேலே ஒரு வரி அவளாகச் சேர்த்துவிட்டாள். அதற்குக் கீழே அந்த டிரைவர் மெக்கானிக் அண்ணனின் போன் நம்பரையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.